முதுகில் மூன்று கோடு

சிவமயம்

கீழநெடுங்கரை, பிரமாதீச வருஷம் புரட்டாசி மாதம் 9ந் தேதி.

கொழும்பில் இருக்கும் என் மகள் கோமுவுக்கு அப்பா பூதலிங்கம் சொல்லி எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நானும் உன் அம்மா பாலம்மாளும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை அம்மையப்பனும் சம்பந்தியம்மாளும் சின்னவன் கைலாசமும் அங்கே எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் உன் அம்மா சொல்லுகிறாள், அவள் சொன்னால் சாமி கேட்கும், நான் சொன்னால் கேட்குமோ என்னவோ. மாப்பிள்ளை கையால் நீ எழுதின காயிதம் போன சனிக்கிழமை வந்தது. ஆற்றில் தண்ணீர் கூடியிருப்பதால் சுற்றி வந்தேன் என்று தபால்காரர் ஒரு செம்பு மோரை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பையை அவிழ்த்தார், அதற்குள் உன் அம்மா வாசலுக்கும் அடுக்களைக்கும் பத்து நடை நடந்துவிட்டாள். எனக்குத்தான் எழுத்து வாசனை கிடையாதே, பள்ளிக்கூடத்துத் தேவமணி வாத்தியாரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னோம். இதை எழுதுகிறதும் அவர்தான். நான் என் வாய்க்கு வந்தபடி சொல்லுகிறேன், அவர் அதைத் திருத்தி மரியாதையாக எழுதுகிறார், அதனால் காயிதத்தில் என் பேச்சைவிட அவர் படிப்புத்தான் தெரியும், விஷயம் மட்டும் என்னுடையது.

நீ மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். சின்னவனுக்குப் பிறந்த பத்தாம் நாளிலிருந்து மூச்சு இழுக்கும்போதெல்லாம் சத்தம் வருகிறது, மூன்று மாதமாகியும் நிற்கவில்லை, கணைச் சீக்கு என்கிறார்கள், உனக்கும் பச்சைப்பிள்ளையில் அதே சத்தம் இருந்து சூடு போட்டுத்தானே பிழைத்தாய், அதே மாதிரி இவனுக்கும் போட்டுவிடலாம் என்று சம்பந்தியம்மாள் சொல்லுகிறார்கள், நம் பக்கத்து ஆள் ஒருத்தர் அங்கே இருக்கிறார், ஐப்பசி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை நாள் பார்த்திருக்கிறது, முதுகிலுள்ள தழும்பு மங்கிப்போனதால் சரியாகத் தெரியவில்லை, என் கண்ணுக்கு அது எட்டவும் எட்டாது, ஆகையால் எந்த இடம், எத்தனை இழுப்பு, எதை வைத்துப் போட்டது என்று அப்பா உடனே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் பதில் சொல்லுகிறேன் தாயி. ஆனால் அதற்கு முன்னால் மாப்பிள்ளை இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு, சின்னவனைத் தொட்டிலிலிருந்து எடுத்து, மெத்தை தலையணை ஒன்றும் இல்லாமல் வெறும் பாயில் குப்புறப் போட்டு, மூக்கு அழுந்தாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து நூறு எண்ணுகிற நேரம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் குறைகிறதா பாருங்கள். குறைந்தாலும் சரி குறையாவிட்டாலும் சரி, சூடு போட வேண்டாம். என்ன காரணம் என்று பின்னால் சொல்லுகிறேன், அது நீளமான கதை, என்னால் அதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, இருபது வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்தது.

தந்தி அடிக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். உன் அம்மா விடவில்லை. “தந்தின்னு பார்த்ததும் நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் போயாச்சுன்னு பிள்ளை மயங்கி விழுவா, பால் வத்திரும், நாள் இருக்குல்லா, காயிதமே போடுங்க” என்றாள். தூத்துக்குடிக் கப்பலில் போனால் நாலைந்து நாளில் கிடைத்துவிடும் என்று வாத்தியாரும் சொன்னார். நானே புறப்பட்டு வந்திருப்பேன், ஆனால் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, கார் நெல் அறுப்பு முடிந்து களத்தில் நின்றதோடு சரி, படுத்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அலுப்பு என்றால் உடம்பு அலுப்பு மட்டும் இல்லை. மயிலைப் பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் சுட்டி, உன் அம்மா அதற்கும் உன் பெயரை வைத்துக் கூப்பிடுகிறாள், எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் திடுக்கென்கிறது.

நீ பிறந்தது விஜய வருஷம் ஐப்பசியில். விடாத மழை, வடக்குச் சுவர் ஊறி விழுந்துவிட்டது, கீற்றுத் தட்டி வைத்து மறைத்திருந்தோம். பிறந்தபோது நீ நல்ல கனம், அழுகைச் சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டது, பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன், கிணற்றில் யாரோ கமலை இறைக்கிறார்கள், உருளைக்கு எண்ணெய் போடாமல் இறைக்கிறார்கள் என்று நினைத்தேன். கீச், கீச் என்று அப்படி ஒரு சத்தம். மழைக்காலத்தில் எவன் கமலை கட்டுவான் என்று பிறகுதான் புத்திக்கு எட்டியது. எழுந்துபோய்ப் பார்த்தால் சத்தம் தொட்டிலுக்குள்ளே இருந்து வருகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம், விடும்போது இல்லை. நெஞ்சுக்குழி ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு உள்ளே போய் உள்ளே போய் வரும். நீயோ கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடக்கிறாய்.

அதற்குப்பிறகு நாங்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டுக் கொடுத்தோம், உரைமருந்து கொடுத்தோம், உரம் விழுந்திருக்கிறது என்று ஒருத்தி சேலையில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள், திருச்செந்தூருக்கு முடி நேர்ந்தோம், திருநீறு பூசிப் பூசி உன் நெற்றி வெள்ளையாகவே இருந்தது. உருட்டும்போது மட்டும் நடுவில் நடுவில் சத்தம் நின்று நின்று வந்தது, அது எங்கள் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கணை என்றார்கள். கணை என்றால் சூடு. அதில் யாருக்கும் இரண்டு பேச்சு கிடையாது.

நம் ஊரில் சூடு போடுகிறவர் சுடலைக்கண்ணு. நீ அவரைப் பார்த்திருக்கிறாய், மாட்டுக்கு லாடம் அடிப்பார், ஒரு கண் பூ விழுந்தவர், உனக்கு நுங்கு வண்டி செய்து கொடுத்தார். என்னிடம் அப்போது ஒரு சோடி காளை இருந்தது, வலத்தான் பெயர் சங்கன், முத்தாலங்குறிச்சிச் சந்தையில் பிடித்தது, சந்தைக்கு நானும் என் மச்சினனும் போன கதை ஒன்று உண்டு, அதைச் சொன்னால் வாத்தியாருக்கு மை தீர்ந்துவிடும். அந்தச் சங்கனுக்கு நுகத்தடி பட்டுத் தோள் வீங்கி எழுந்திருக்கவே இல்லை, சுடலைக்கண்ணு வந்து ஒரே ஒரு கோடு இழுத்தார், எட்டாம் நாள் ஏரில் பூட்டினேன். அன்றையிலிருந்து அவர் கை என்றால் எனக்குச் சாமி கை மாதிரி. அந்த நம்பிக்கையில்தான் உன்னையும் அவர் முன்னால் கொண்டுபோனேன். உனக்கு அப்போது நாற்பத்தொரு நாள். வயிற்றில் போடுகிறதுதான் வழக்கம், ஆனால் உனக்கு வயிற்றில் உரைமருந்துக் கொதிப்பில் தடிப்புத் தடிப்பாக இருந்தது, அதைப் பார்த்துவிட்டு, “வயிறு வேண்டாம் அண்ணாச்சி, முதுகுல போடுவோம், ரெண்டும் ஒரே நரம்புதான்” என்றார். அவர் வயிற்றில் போட்டிருந்தால் இந்தக் கதை வேறாகப் போயிருக்கும்.

முதுகு பொசுங்கினபிறகு மல்லாக்கப் போட முடியுமா? தொட்டிலில் போட முடியுமா? சோற்றுக்கற்றாழைச் சாறு தடவி, பழைய வேட்டி ஒன்றை விரித்து உன்னைக் குப்புறப் போட்டோம். அழுது அழுது ஓய்ந்து நீ தூங்கினபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உன் அம்மா பயந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. நான் தெருவுக்கு ஓடினேன் தாயி, எதிரே வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், சுடலைக்கண்ணு கை பட்டதும் நின்றுவிட்டது, சாயங்காலத்துக்குள் நின்றுவிட்டது என்று. ஊரே வந்து பார்த்தது. நீ குப்புறக் கிடக்கிறாய், முதுகில் மூன்று கோடு, சத்தம் இல்லை. அவருக்கு வேட்டி எடுத்துப் போட்டு மரியாதை செய்தேன். சுற்றுப்பட்டு எல்லாம் பேச்சுப் பரவிவிட்டது.

பதினாறு பதினேழு நாளில் புண் ஆறி, பக்கு உதிர்ந்தது. உன் அம்மா ஆசையாக உன்னைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்டாள். போட்டதும் கமலை கத்துகிறது. மறுபடியும் சூடு போட வேண்டுமோ என்றேன். உன் அம்மா உன்னைத் தூக்கிக் குப்புறப் போட்டாள். நின்றது. மல்லாக்கப் போட்டாள். வந்தது. தோசையைத் திருப்புகிற மாதிரி நாலு தடவை திருப்பினாள், நாலு தடவையும் அதே கதை. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இங்க பாருங்க, சூடும் இல்ல ஒண்ணும் இல்ல. குப்புறக் கெடந்ததுதான். இத முன்னமே செஞ்சிருந்தா எம்பிள்ளைக்கு இந்தப் புண்ணு இல்ல” என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “ஏளா, சும்மா கெட, வெளிய கேட்டா சிரிப்பாவ” என்றேன். இதைத் திருத்தாமல் எழுதுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப்பிறகு வீட்டுக்குள் நீ எப்போதும் குப்புறத்தான், நான் ஒரு நேரம் உன் அம்மா ஒரு நேரம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வெளியாள் வந்தால் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்வோம், அப்போதும் சத்தம் அவ்வளவாக வராது. யாரிடமும் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஊரெல்லாம் கூவிவிட்டு மூன்றாம் வாரமே இல்லை என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை, சுடலைக்கண்ணுக்கும் தலைகுனிவு என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன்.

பேட்டையில் கருத்தையா என்று ஒரு வண்டிக்காரர், உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்தவர். அவருக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே ஆண்பிள்ளை, நாலு மாதம், அதற்கும் மூச்சு இழுக்கிற சத்தம். உன் பேச்சைக் கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். “அண்ணாச்சி, ஒங்க பிள்ளைக்கு நின்னுபோனது நெசந்தானா? எங்க வீட்டுல பச்ச உடம்புல சூடான்னு அழுதா, அதான் கண்ணால பார்த்துட்டுப் போவம்னு வந்தேன்” என்றார். உன் அம்மா ஆற்றுக்குப் போயிருந்தாள். நீ என் தோளில் கிடந்தாய், சத்தம் இல்லாமல். நான் உன் முதுகைத் திருப்பிக் காட்டினேன். “பாரும்” என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்னது. அவர் உன் முதுகைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளையின் சத்தம் வேறு மாதிரி, அது அப்போது எனக்குத் தெரியாது. அதற்கு மூச்சை இழுக்கும்போதும் சத்தம், விடும்போதும் சத்தம், பால் குடித்தால் புரையேறி உதடு நீலமாகும், தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே கிடக்கும், நிமிர்த்தினால் திணறும். சுடலைக்கண்ணுதான் வயிற்றில் ஐந்து கோடு போட்டார். புண் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள் என்னிடம் ஓடிவந்தார், அவர் மாட்டுக்குக் கால் நொண்டி, என் வண்டியில்தான் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அங்கே அப்போது வேதக்கார டாக்டரம்மா ஒருத்தர் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள், அவர்கள் பேசுவதை சாரம்மாள் என்கிற நர்சம்மாதான் தமிழில் சொல்லும். டாக்டரம்மா அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினதுமே அவர்கள் முகம் மாறிவிட்டது. வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு சாரம்மாள் சொல்லிற்று, “இது வெளியிருந்து வந்த சீக்கு இல்ல அண்ணாச்சி, வயித்துக்குள்ள இருக்கும்போதே ஆனது. நெஞ்சுல இருந்து போற பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு மூச்சுக்குழாயையும் சோத்துக்குழாயையும் சேர்த்து வளைச்சுக் கெடக்கும், ஆயிரத்துல ஒண்ணு பத்தாயிரத்துல ஒண்ணு அப்படிப் பிறக்கும், அப்படித்தான் இருக்கும்னு டாக்டரம்மா நினைக்காவ, உள்ள பார்க்காம நிச்சயமாச் சொல்ல முடியாதாம். இதுக்கு இப்ப ஒருத்தர் கையிலயும் மருந்து இல்ல. ஆனா இந்தப் புண்ண யாரு போட்டது?” கருத்தையா வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பிள்ளை போய்விட்டது. திரும்பி வரும்போது நான் வண்டி ஓட்டினேன், அவர் பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், கொக்கிரகுளம் தாண்டும்போது வெயில் படுகிறது என்று துண்டை எடுத்துப் பிள்ளை முகத்தில் போட்டார். அதை நான் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது.

அதற்கு அடுத்த வாரமே உன்னையும் அந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன், ஊரில் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுத்தான். மல்லாக்கப் போட்டுக் கேட்டார்கள், குப்புறப் போட்டுக் கேட்டார்கள், பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள். இதுவும் பிறவியில் வந்ததுதான், ஆனால் அது வேறு இது வேறு என்று சாரம்மாள் சொல்லிற்று. சின்னதில் நீ நம் குளத்தில் ஆம்பல் தண்டை ஒடித்துத் தண்ணீர் உறிஞ்சுவாயே, இளந்தண்டாக இருந்தால் உறிஞ்சினதும் பக்கம் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது, முற்றின தண்டு ஒட்டாது, அந்த மாதிரி சில பிள்ளைகளுக்குத் தொண்டை வாசல் இளசாக இருக்கும், மூச்சை இழுக்கும்போது உள்ளே மடிந்து விழுந்து சத்தம் போடும், குப்புறப் போட்டால் அது முன்னால் தொங்கிக்கொண்டு வழி விடும், வளர வளர முற்றிப்போகும். இரண்டு வயசுக்குள் தானாக நின்றுவிடும் என்றார்கள். நீ ஒன்றரை வயசில் வாசலில் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடினபோது சத்தம் இல்லை. நின்றது அப்படித்தான் தாயி. சூட்டால் இல்லை.

சுடலைக்கண்ணு கருத்தையா வீட்டுச் சாவுக்கு வந்தார், திண்ணை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றையிலிருந்து அவர் மனுஷப் பிள்ளைக்குச் சூடு போடவில்லை, யார் வந்து கேட்டாலும் கண் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார், மாட்டுக்கு மட்டும் அந்தக் கண் தெரியும். அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கே தோன்றியிருக்கிறது. எல்லாம் தெரிந்த நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதோடு விட்டேனா? உன்னைப் பெண் பார்க்க வந்தபோது சம்பந்தியம்மாள் உன் முதுகில் என்ன தழும்பு என்று கேட்டார்கள், கணைக்குப் போட்ட சூடு, அன்று சாயங்காலமே சுகமாகிவிட்டது, அதற்குப்பிறகு ஒரு தும்மல் கிடையாது என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் அதை ஞாபகம் வைத்திருந்து பேரப்பிள்ளைக்குச் செய்யப் பார்க்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்ன சொல்தான் கடல் தாண்டிப் போய்ச் சின்னவன் முதுகுக்கு வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணாச்சி, கொஞ்சம் யோசிங்க. இத மாப்பிள்ளைதான் வாசிப்பாரு, சம்பந்தியம்மா காதுல விழும். பிறவிச் சீக்குன்னு எழுதினா, ஒம்மகள் வயித்துலருந்து வந்ததுன்னு நாளைக்கு அவளத்தான் இடிப்பாவ. சூடு வேண்டாம்னு மட்டும் எழுதுவமே” என்றார். நான் பதில் சொல்லுமுன்னே உன் அம்மா அடுக்களையிலிருந்து, “இடிச்சா இடிச்சிட்டுப் போறாவ, எம்மக தாங்குவா. அந்தப் பிள்ளை தாங்குமா? பேனாவ எடும் வாத்தியாரே” என்றாள். எடுத்துவிட்டார். மாப்பிள்ளை, நீங்கள் இதை உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும், ஒரு வரியும் விட வேண்டாம். மறைத்தது நான், கோமுவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள், காயிதத்தில் எழுதி அனுப்புங்கள், வாத்தியார் வாசிப்பார், நான் கேட்டுக்கொள்கிறேன்.

முந்தாநாள் இந்தக் காலோடு வண்டியில் ஏறிப் பேட்டைக்குப் போனேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் கருத்தையாவிடம் சொல்லாவிட்டால் எழுத வாய் வராது என்று தோன்றியது. இத்தனை வருஷமாக எங்கே பார்த்தாலும் அந்த மனுஷன், “கோமு சொகமா இருக்காளா அண்ணாச்சி” என்றுதான் முதலில் கேட்பார், நான் ஒவ்வொரு தடவையும் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன். அன்றும் அதையே கேட்டார். வண்டியைத் தாங்கு கொடுத்து நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், உன் அம்மா தோசை மாதிரி திருப்பினது வரைக்கும். அவர் கை நிற்கவில்லை. அந்தச் சக்கரத்தை மாட்டி முடித்துவிட்டு, “எம்பிள்ளைக்கு அந்தக் கொழாய் சுத்திக் கெடந்துச்சுன்னு டாக்டரம்மா சொன்னாவ. சூடு போடாட்டாலும் நெலச்சிருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கடைசி ஒம்பது நாளும் வயித்துல புண்ணோட கெடந்தான் பாருங்க அண்ணாச்சி, அது இல்லாமப் போயிருப்பான்” என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “கொழும்புக்கு எழுதிட்டியளா” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். “பெறகு இங்கன நின்னு எங்கூட என்ன பேச்சு? போங்க, போயி எழுதுங்க” என்று சொல்லிவிட்டு மறுபக்கத்துச் சக்கரத்துக்குப் போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. இனி எங்கே பார்த்தாலும் உன்னைப்பற்றிக் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. குப்புறப் போட்டதும் சத்தம் குறைந்து, பால் நன்றாகக் குடித்து, மாதத்துக்கு மாதம் கனம் ஏறிக்கொண்டு வந்தால் உனக்கு இருந்ததுதான் அவனுக்கும் என்று ஒருமாதிரி தைரியமாக இரு. குப்புறப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதே, முழித்த கண்ணோடு ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், நாங்கள் அப்படித்தான் செய்தோம். பாலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பையக் கொடு, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கவிடு. தொட்டிலில் தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி மடங்கிக் கிடக்க விடாதே. ஆனால் மூச்சு விடும்போதும் சத்தம் வந்தால், பாலுக்குப் புரையேறினால், உதடு நீலம் பாய்ந்தால், தலையைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு கிடந்தால், இளைத்துக்கொண்டு போனால், என் காயிதத்தையும் பார்க்காதே நல்ல நாளையும் பார்க்காதே, கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அன்றைக்கே கொண்டுபோ. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது, நான் சொல்லுவது இரண்டு பிள்ளைகளைப் பார்த்த அறிவுதான், அவர்கள் எத்தனையோ பார்த்திருப்பார்கள்.

நீ கேட்ட மூன்றுக்கும் பதில். இடம், முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே. இழுப்பு மூன்று. விரலிமஞ்சளை நல்லெண்ணெய் விளக்கில் பிடித்துச் சிவக்கவைத்து இழுத்தது. நீ கேட்காதது ஒன்று உண்டு. உன் அம்மா பார்க்கமாட்டாமல் எழுந்து ஓடிவிட்டாள், சுடலைக்கண்ணுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, நாற்பத்தொரு நாள் பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா, உன் கையையும் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் தாயி. நீ என் பெருவிரலை இறுக்கிப் பிடித்திருந்தாய், உன்னைத் தூக்குவதற்குத்தான் பிடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். சின்னவனை அப்படி யாரும் பிடிக்கக் கூடாது, நீயும் பிடித்துக் கொடுக்கக் கூடாது.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் சின்னவனுக்கும் எங்கள் ஆசீர்வாதம், சம்பந்தியம்மாளுக்கு என் கும்பிடு. திருச்செந்தூர் முருகன் சின்னவனுக்கு நூறு வயசு கொடுக்கட்டும், எனக்குக் கொடுக்க நினைத்திருப்பது ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கன்று முட்டிக் குடிக்கிறது, உன் அம்மா சீம்பால் காய்ச்சிவிட்டு நீ இல்லையே என்று அதைத் தொடவில்லை. குப்புறப் போட்டபோது சத்தம் நின்றதா இல்லையா என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு
உன் அப்பா பூதலிங்கம்
இடதுகைப் பெருவிரல் ரேகை, நீ பிடித்திருந்தது